காய்ச்சல் விட்ட பின்னர்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு நோயும் மருத்துவ அறிவின் சமூக வரலாறும்

1

யாழ்ப்பாணத்து வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருவோர் முதலிற் கேட்கும் வினா, "காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்பதாகும். விட்டுவிட்டது என்ற விடை கிடைத்ததும் வந்தவருக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே ஆறுதல் உண்டாகிறது. முழுகவார்ப்பது எப்போது, வழமையான உணவு கொடுப்பது எப்போது, பிள்ளையாயின் மீண்டும் பள்ளிக்கூடம் அனுப்புவது எப்போது என்ற பேச்சுத் தொடங்குகிறது. பல தலைமுறைகளின் அனுபவம் இச்சிறு தொடரிலே திரண்டு கிடக்கிறது. உடற்சூடு தணிதல் நோய் தணிவதன் அடையாளம் என்பது பெரும்பாலான காய்ச்சல்களைப் பொறுத்தவரை பிழையான முடிபும் அன்று.

ஆயின் டெங்குக் காய்ச்சலில் இவ்வனுபவ அறிவு மனிதரைக் கைவிடுகிறது. இந்நோயின் கடுமையான வடிவத்திலே உடற்சூடு தணியும் வேளையை ஒட்டியே ஆபத்துத் தொடங்குகிறது. வீட்டார் ஆறுதலடையும் அதே மணித்தியாலங்களிற் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசியத் தொடங்கலாம். கவனிப்பாரின்றேல் நோயாளி குறுகிய காலத்தில் அதிர்ச்சிநிலையை எய்தி இறக்கவும் கூடும். காய்ச்சலினால் துன்புற்ற நான்கு நாள்களும் வைத்தியரிடம் சென்றுவந்த குடும்பம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதென்று வீட்டிலே தங்கிவிடுவதும், ஆறாம் நாள் குளிர்ந்த கைகால்களுடன் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இத்தகைய தவறான ஆறுதலின் விளைவுகளாகும்.

மொழியையும் இலக்கியத்தையும் பயில்கின்ற நாம் மருத்துவர்க்குரிய பொருளொன்றை எடுத்துக்கொண்டமைக்கு நியாயம் இதுவேயாகும். சொற்கள் வெறுமனே ஒலிக்குறிகள் அல்ல. குறித்த சமூக வாழ்நிலையிற் பெறப்பட்ட அறிவைச் சேமித்து வைப்பவை அவை. வாழ்நிலை மாறிய பின்னரும் பழைய சொல் பழைய பொருளோடு நிலைத்திருக்குமாயின் அது வழிகாட்டுவதற்குப் பதிலாக வழிமறிக்கவும் கூடும். டெங்கின் ஆபத்தை உணர்ந்து மரணத்தைப் பெருமளவு தடுக்கும் அறிவு இன்று மருத்துவமனைகளில் உண்டு. அவ்வறிவு மக்களின் மொழியில் அவர்களுடைய உடைமையாகாத வரையிலும், நோயை உற்பத்தி செய்யும் வாழ்நிலைமைகள் மாறாத வரையிலும், சிகிச்சையின் வெற்றி பாதி வெற்றியாகவே இருக்கும் என்பதைக் குடாநாட்டு வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

காய்ச்சலைத் தனியொரு நோயாகக் கருதுவது தமிழ் மருத்துவ மரபின் பொதுப் பண்பாகும். சித்த மருத்துவ நூல்கள் சுரத்தை 64 வகையாகப் பிரித்து, வாதம் பித்தம் கபம் ஆகியவற்றின் நிலைகொண்டு ஒவ்வொன்றுக்கும் குறிகுணங்களும் மருந்துகளும் உரைக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களும் இம்மரபைச் சேர்ந்தவையே. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1920களின் பிற்பகுதியிலிருந்து பகுதி பகுதியாகப் பதிப்பித்தமையால், பரியாரிமார் குடும்பங்களில் ஏட்டுருவில் இருந்த அறிவு அச்சேறிப் பொதுவுடைமையாகியது. நாடியைத் தொட்டும், நாவையும் கண்ணையும் சிறுநீரையும் நோக்கியும் நோயை நிர்ணயித்த அம்மரபின் நுணுக்கத்தை இன்றைய ஆய்வாளர் குறைத்து மதிப்பிடலாகாது. நோயாளியின் அருகிலிருந்து நோக்குதல் என்ற அடிப்படைப் பண்பிலே அது இன்றைய டெங்குச் சிகிச்சைக்கு அந்நியமானதுமன்று.

காய்ச்சலே நோய் என்ற கருத்து நமக்கு மட்டும் உரியதென்றும் கொள்ளலாகாது. ஐரோப்பிய மருத்துவமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இவ்வாறே கருதியது. செருமானிய மருத்துவரான வுண்டர்லிக் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடற்சூட்டை அளந்து 1868 இல் வெளியிட்ட நூலே, காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்ற கருத்தை நிலைநாட்டியது. கைத்தொழில் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் எண்ணற்ற நோயாளிகள் ஒருங்கே கிடத்தப்பட்டமையால்தான் இத்தகைய ஒப்பீடு இயல்வதாயிற்று. அறிவின் வளர்ச்சி தனிமனித மேதையினால் மாத்திரம் நிகழ்வதன்று என்பதற்கு இதுவுமொரு சான்றாகும்.

டெங்கு என்ற பெயரின் வரலாறும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. திடீரென உடலை முறுக்கிப் பிடிக்கும் தீய ஆவியைக் குறித்த கிழக்காபிரிக்கச் சுவாகிலித் தொடரொன்று கரீபியன் தீவுகளை அடைந்து, 1827–28 ஆம் ஆண்டுகளின் நோய்ப்பரம்பலின்போது ஸ்பானிய மொழியில் இவ்வடிவம் பெற்றது என்பது பலராலும் ஏற்கப்பட்ட கருத்தாகும். சொல் சென்ற வழியே நுளம்பும் சென்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஈடிஸ் எஜிப்தி நுளம்பு, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் நீர்ப்பீப்பாய்களில் அத்திலாந்திக்கைக் கடந்தது. பின்னர் குடியேற்ற வணிகத்தின் துறைமுகங்கள் தோறும் பரவி ஆசிய நகரங்களிலும் நிலைகொண்டது. மனிதனையும் பண்டமாக்கி விற்ற பொருளாதார முறைமையின் பக்கவிளைவாகவே இந்நோய் உலக நோயாகியது எனலாம்.

இந்நோயை நுளம்பு பரப்புகிறது என்ற கருத்து 1903 இல் பெய்ரூத்திலிருந்து கிரஹாம் என்பவரால் முன்வைக்கப்பட்டது. 1906 இல் ஆஸ்திரேலியரான பான்குரொப்ற் குறித்த நுளம்பினத்தைச் சுட்டினார். 1907 இல் ஆஷ்பேர்ன், கிரெய்க் ஆகிய அமெரிக்க இராணுவ மருத்துவர் இருவர், நுண்வடிகளையும் ஊடுருவிச் செல்லும் கிருமியொன்றே காரணம் என்பதைப் பிலிப்பைன்ஸிற் காட்டினர். குடியேற்றப் படைவீரரின் உடல்நலம் பேணப்படவேண்டியிருந்தமையே இவ்வாய்வுகளுட் பலவற்றுக்கு ஊக்கியாயிற்று. அன்று அது எலும்பை முறிப்பதுபோல் வலிக்கின்ற, ஆயினும் பெரும்பாலும் கொல்லாத காய்ச்சலாகவே கருதப்பட்டது.

3

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1953–54 இல் மணிலாவிலும் 1958 இல் பாங்கொக்கிலும் குழந்தைகளைக் கொல்லும் குருதிப்பெருக்குக் காய்ச்சல் தோன்றியது. போரினாற் குலைந்து, பின்னர் கட்டுப்பாடின்றிப் பெருகிய நகரங்கள் அவை. டெங்கு வைரசு நான்கு வகைப்படும் என்பதும், ஒருவகை தொற்றிக் குணமானவருக்கு அவ்வகை மீண்டும் தொற்றாதெனினும் வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும் பின்வந்த ஆய்வுகளினாற் புலனாயின. முதற்றொற்றிலே தோன்றிய பிறபொருளெதிரிகள் இரண்டாம் வகை வைரசை அழிக்கமாட்டாது, அது கலங்களுட் புகுவதற்கே துணைபோகின்றன என்பது ஹால்ஸ்ரெட் முதலியோரின் விளக்கம். காத்தற்பொருட்டு எழுந்த ஒன்றே சூழ்நிலை மாறுமிடத்துக் கேட்டுக்குத் துணையாகும் இயங்கியல் உடலினுள்ளும் தொழிற்படுவதை நாம் இங்குக் காண்கிறோம்.

பாங்கொக் சிறுவர் மருத்துவமனையிற் பணியாற்றிய சுசித்ரா நிம்மானித்யா போன்றோரின் நெடுங்கால அவதானங்களே இன்றைய சிகிச்சைமுறைக்கு அடித்தளமிட்டன. அம்முறையின் சாரத்தைச் சுருக்கமாகக் கூறுவது இவ்விடத்திற் பொருந்தும். டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் மூன்று கட்டங்களை உடையது. முதலாவது காய்ச்சற் கட்டம். இரண்டு முதல் ஏழு நாள்வரை நீடிப்பது. இரண்டாவது நெருக்கடிக் கட்டம். காய்ச்சல் தணியும் வேளையை ஒட்டித் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் நிலைப்பது. மூன்றாவது மீட்சிக் கட்டம்.

நெருக்கடிக் கட்டத்தில் நிகழ்வது யாது? மயிர்த்துளைக் குருதிக் குழாய்களின் சுவர்கள் கசியும் தன்மை பெறுகின்றன. குருதியின் நீர்ப்பகுதியாகிய திரவவிழையம் நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சென்று தேங்குகிறது. குழாய்களுள் எஞ்சும் குருதி தடிப்படைகிறது. செங்குழிய வீதம் நோயாளியின் வழமையான அளவிலும் 20 சதவீதமோ அதற்கு மேலோ உயர்கிறது. நாடி விரைகிறது, குருதியமுக்கத்தின் மேலளவுக்கும் கீழளவுக்கும் இடையிலான வேறுபாடு ஒடுங்குகிறது, அது 20 அலகுக்குக் குறையுமாயின் அதிர்ச்சிநிலை வந்துவிட்டதெனக் கொள்ளவேண்டும். இவ்வளவும் நிகழும்போது நோயாளி தெளிந்த அறிவோடு பேசிக்கொண்டிருக்கவும் கூடும். வீட்டார் ஏமாறுவதற்கு இதுவுமொரு காரணமாகும்.

இக்கசிவை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இழந்த நீரை ஈடுசெய்து, கசிவு தானாக நிற்கும் வரை நோயாளியைத் தாங்கிநிற்பதே சிகிச்சை. ஆயின் இழப்பிலும் கூடுதலாக நீர் ஏற்றினால் அதுவும் நெஞ்சறையிலே தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். இதனால் இலங்கையின் தேசிய வழிகாட்டல் நெருக்கடிக் கட்டம் முழுமைக்கும் உரிய நீரளவை வரையறுக்கிறது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு வாயால் அருந்துவதும் நாளத்தால் ஏற்றுவதும் உட்பட அது ஏறத்தாழ 4,600 மில்லிலீற்றராகும். அதனை எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை நாடியும் குருதியமுக்கமும் செங்குழிய வீதமும் சிறுநீரின் அளவுமே தீர்மானிக்கின்றன. மீட்சிக் கட்டத்திற் கசிந்த நீர் தானே குருதிக்குத் திரும்புவதால் அப்போது நாளவழி நீரை நிறுத்துவதும் கொடுப்பதைப் போலவே முக்கியமாகிறது.

விலையுயர்ந்த இயந்திரமோ அபூர்வ மருந்தோ இச்சிகிச்சையின் மையத்தில் இல்லை என்பது நம் கவனத்துக்குரியது. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கட்டிலருகே வந்து நாடி பார்த்து, சிறுநீரை அளந்து, தாளிற் குறித்து, மாற்றத்தைக் கண்டவுடன் வைத்தியருக்கு அறிவிக்கும் தாதியின் உழைப்பே மையத்தில் உள்ளது. மாரிகாலத்தில் ஒரு கட்டிலுக்கு இருவராக நோயாளர் நிறையும் விடுதியில் அவ்வுழைப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. மருத்துவத்தைத் தனிமனித மேதைமையாகவே போற்றிப் பழகிய நமது சமூகம் இக்கூட்டுழைப்பை உரியவாறு மதித்ததில்லை.

4

மேற்கூறிய அறிவு மருத்துவமனைச் சுவர்களுள் நின்றுவிடுமாயின் பயனில்லை. ஏனெனில் நோயின் முதற்கட்டம் கழிவது வீட்டிலேயே. காய்ச்சலின் மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை செய்யவேண்டும்; பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரொபன், டைக்குளோபெனக் போன்றவற்றைக் கொடுக்கலாகாது; கஞ்சி, இளநீர், பழச்சாறு, ஜீவனி முதலியவற்றைப் போதியளவு பருகக் கொடுக்கவேண்டும்; குருதிவாந்தியோடு மயங்காதிருக்கும் பொருட்டுச் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கவேண்டும்; விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, குளிர்ந்த கைகால், அமைதியின்மை, ஆறு மணித்தியாலம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காய்ச்சல் உண்டோ இல்லையோ மருத்துவமனைக்கு விரையவேண்டும். இவற்றை அறிந்து செய்யவேண்டியவர் பெரும்பாலும் தாய்மாரே. அவர்களுடைய மொழியில் இவ்வறிவு எவ்வாறு குடிகொள்ளும் என்ற வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று.

1847 இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டிலிருந்து மானிப்பாயில் நிலைகொண்டு உள்ளூர் இளைஞருக்கு மேலைமருத்துவத்தைக் கற்பிக்கலானார். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்திலே நடந்தது. ஆங்கிலம் கற்ற மருத்துவர் கிராமங்களிலே தங்காது அரசாங்க உத்தியோகம் தேடிச் செல்வதை அவர் கண்டார். ஆகவே 1860களிற் பயிற்சிமொழியைத் தமிழாக மாற்றினார். பாடநூல் இல்லாதிருந்த குறையை மாணாக்கருடன் சேர்ந்து தாமே நீக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் முதலிய நூல்களும் கலைச்சொற்றொகுதிகளும் இவ்வாறு எழுந்தன. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884 இல் இறக்கும் வரை தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிடவில்லை.

கிறீனைப் புகழ்ந்து நின்றுவிடுதல் வரலாற்று நோக்காகாது. அவரது பணி மதமாற்ற நிறுவனமொன்றின் பகுதியாக அமைந்தது. அவரிடம் பயின்றோரும் பெரும்பாலும் கல்விபெறும் வாய்ப்பிருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களே. எனினும் மொழி பற்றிய அவரது முடிவின் பின்னால் இருந்த சமூக அவதானம் கூர்மையானது. ஆங்கிலமொழி மூலக் கல்வி அறிவை மட்டுமன்றி, அவ்வறிவுடையோனைக் கிராமத்திலிருந்து பெயர்த்துச் செல்லும் ஊர்தியையும் வழங்கியது என்பதை அவர் உணர்ந்தார். குடியேற்ற ஆட்சியின் உத்தியோகப் பொருளாதாரம் ஊன்றிவிட்ட நிலையில் அவர் தொடக்கிய தமிழ்மொழிப் பயிற்சி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் நிறுவப்பட்டபோது, நாட்டின் ஏனைய மருத்துவபீடங்களைப் போன்றே ஆங்கிலமே அதன் போதனாமொழியாயிற்று. உலக ஆய்வுகளோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் மருத்துவர் கற்கும் மொழிக்கும் நோயாளர் நோவுரைக்கும் மொழிக்கும் இடையிலுள்ள பாலத்தைக் கட்டுவது எவருடைய கடமை என்ற வினா விடையின்றியே கிடக்கிறது.

இதன் விளைவை அன்றாடப் பேச்சிற் காணலாம். கடந்த ஒன்றரைத் தசாப்தத்துள் "பிளேற்லெட்" என்ற சொல் குடாநாட்டின் கடைத்தெரு வரை வந்துவிட்டது. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று ஒருவரையொருவர் வினவுகின்றனர். அதனைக் கூட்டுமெனப் பப்பாசியிலைச் சாறு பருகுகின்றனர். ஆனால் உயிராபத்தின் முதன்மைக் காரணமாகிய திரவவிழையக் கசிவைக் குறிக்கும் சொல்லெதுவும் மக்கள் வழக்கில் இடம்பெறவில்லை. சிறுதட்டு எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது நெருக்கடிக் கட்டம் நெருங்குவதன் எச்சரிக்கை. அவ்வெண்ணிக்கையை உயர்த்திவிடுவதனாற் கசிவு நின்றுவிடுவதில்லை. ஆங்கில அறிக்கைத் தாளில் எளிதில் வாசிக்கக்கூடிய இலக்கம் அதுவே என்பதனால் அது மக்கள் மனத்திற் பதிந்தது. தாளிலே ஓரிலக்கமாக அமையாத கசிவு பதியவில்லை. அரைகுறையாக வந்துசேரும் அறிவு பழைய அறியாமையைப் போலவே ஆபத்தானதாகலாம். பப்பாசியிலையைப் பழிப்பது இதற்குப் பரிகாரமன்று. கசிவு என்ற கருத்தைத் தெளிந்த தமிழில், தாயொருத்தி தன் அயலாளுக்குச் சொல்லக்கூடிய வடிவில் வழங்குவதே பரிகாரம்.

5

இனி, சிகிச்சை பெற்ற வெற்றியை அளந்து நோக்குவோம். இலங்கையில் டெங்கு 1962 இற் பரிசோதனைகளால் உறுதிசெய்யப்பட்டது. 1965–66 இற் பரவலாகத் தோன்றியது. 1989–90 இல் குருதிப்பெருக்குக் காய்ச்சலின் முதற் பெரும் பரம்பல் நிகழ்ந்தது. 2009 இல் ஏறத்தாழ 35,000 பேர் நோயுற்று 346 பேர் இறந்தனர். இம்மரணங்களின் அதிர்ச்சியால், தாய்லாந்தின் அனுபவத்தைக் கற்ற இலங்கை மருத்துவர் தேசிய வழிகாட்டல்களை உருவாக்கினர். 2012 இல் அவை திருத்தப்பட்டன. 2017 இல் வரலாறு காணாத பெரும் பரம்பல் உண்டாகி 186,101 பேர் நோயுற்றனர். 440 பேர் இறந்தனர்.

இவ்விலக்கங்களை ஒப்பிடுவோம். 2009 இல் நோயுற்றோர் நூற்றுவருள் ஒருவர் இறந்தார். 2017 இல் அது நானூற்றுவருள் ஒருவராகக் குறைந்தது. 2009 இன் வீதமே நீடித்திருப்பின் 2017 இல் ஏறத்தாழ 1,800 பேர் இறந்திருப்பர். கட்டணமின்றி எவரையும் அனுமதிக்கும் அரச மருத்துவசேவை இல்லாத நாட்டில் இவ்வெற்றி எளிதிற் கைகூடியிராது. ஆயின், இறப்பு வீதம் நான்கிலொன்றாகக் குறைந்த பின்னரும் இறந்தோர் தொகை கூடியதே தவிரக் குறையவில்லை. நோயுற்றோர் தொகை ஐந்து மடங்கிலும் அதிகமாகப் பெருகியமையே காரணம். மருத்துவர் கட்டிலருகே வென்றெடுத்ததைச் சமூகம் தெருவிலும் முற்றத்திலும் இழந்துகொண்டிருந்தது.

இத்தகைய படிப்பினையை இலங்கை முன்னரும் பெற்றதுண்டு. 1934–35 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைப் பெரிதும் தாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. வரட்சியாலும் உலகப் பொருளாதார மந்தத்தாலும் பட்டினியுற்றிருந்த விவசாயிகளே அதிகமாக இறந்தனர். நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்க இளைஞர், கொயினாவுடன் உணவும் கொண்டுசென்றனர். நோயின் வேர் வறுமையில் உள்ளதென்பதை அங்கே கண்ணாரக் கண்ட அவ்விளைஞர் பலரே 1935 டிசம்பரில் இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். மலேரியா பின்னர் படிப்படியாக ஒழிக்கப்பட்டு, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. மலேரியாவை வென்ற அதே நாட்டில் டெங்கு பெருகியமைக்கு விளக்கம், இவ்விரு நோய்களையும் பரப்பும் நுளம்புகளின் வாழிடங்களிலே உள்ளது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு ஆற்றுப்படுக்கையையும் குட்டையையும் நாடியது. டெங்கு நுளம்போ மனிதன் கட்டிய தொட்டியையும் வீசிய கோப்பையையும் நாடுகிறது.

6

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை பொழியும் மாரி மாதங்களிற் சுண்ணக்கற் படுக்கையில் ஊறிச் சேரும் நீரே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். எனவே இங்கு நீர் என்பது கிணறு. கிணறு என்பது நிலவுடைமை. நிலவுடைமை என்பது சாதியமைப்பு. ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினர் எனப்பட்டோரின் கிணற்றடியிலே குடத்துடன் காத்துநின்ற கொடுமையை ஈழத்துத் தமிழிலக்கியம் நன்கறியும். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியின் தலைப்பும், கே. டானியலின் 'தண்ணீர்' நாவலும் அதற்குச் சான்று. 1966 அக்டோபர் 21 இல் தொடங்கிய சாதியொழிப்புப் போராட்டம் தேநீர்க் கடைகளையும் கோவில்களையும் திறந்தது. ஆயினும் நீரின் ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கியதெனக் கூறவியலாது. கரையோரத்திலும் தீவகத்திலும் கிணற்றுநீர் உவர்ப்பானது. அங்கு வாழ்வோர் நன்னீரைக் கொண்டுவந்து பீப்பாயிலும் தொட்டியிலும் சேமித்தே குடிக்கவேண்டியவராயினர். சேமித்த நீரைக் குற்றமாகக் கருதும் டெங்கு ஒழிப்புப் பிரசாரம், அவர்கள் ஏன் சேமிக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

போரின் வரலாற்றையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். 1990 முதல் நெடுங்காலம் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். கைவிடப்பட்ட வீடுகளும் பாழ்ங்கிணறுகளும் கூரையிழந்த கட்டடங்களும் எஞ்சின. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், அவ்வாண்டின் பிற்பகுதியிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தையும் தாக்கியது. டெங்கைப் பரப்பும் அதே ஈடிஸ் நுளம்புகளே அதனையும் பரப்புபவை. அவை குடாநாட்டில் ஏற்கெனவே பெருகியிருந்தன என்பதற்கு அது எச்சரிக்கையாயிற்று. 2009 இல் வீதி மீண்டும் திறக்கப்பட்டபோது மக்களும் வாகனங்களும் பண்டங்களும் பெருமளவில் வந்தன. அவற்றோடு பிளாஸ்ரிக் போத்தலும் யோகட் கோப்பையும் பழைய ரயரும் வந்து குவிந்தன. தடைக்காலத்தில் வெறும் போத்தலும் விலைபெற்றது. சந்தை திறந்த பின்னர் வீசியெறியும் பண்பாடு ஒருசில ஆண்டுகளுள் நிலைகொண்டது. அதனை அகற்றுவதற்குரிய உள்ளூராட்சி ஒழுங்கு அதே வேகத்தில் வளரவில்லை. 2009 இன் இறுதி மாரியிலிருந்து டெங்கு குடாநாட்டின் மாரிகால நோயாகவே மாறியது. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நாட்டில் அதிகம் பாதிப்புற்ற மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்றாக இருந்தது.

இச்சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எஸ். என். சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி முதலியோருடன் இணைந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் முக்கியத்துவம் உடையதாகும். ஈடிஸ் நுளம்புகள் தெளிந்த நன்னீரிலேயே முட்டையிடும் என்பதே அதுவரை உலகெங்கும் நிலவிய பொதுக் கருத்து. யாழ்ப்பாணத்தினதும் மட்டக்களப்பினதும் கரையோரங்களில் உவர்நீர் தேங்கிய கிணறுகளிலும் கொள்கலங்களிலும் இந்நுளம்பினங்களின் குடம்பிகள் வளர்வதை இவர்கள் கண்டறிந்தனர். நன்னீர்க் கொள்கலங்களை மாத்திரம் தேடி அழித்த கட்டுப்பாட்டு முறையின் குறைபாடு இதனால் வெளிப்பட்டது. கடல்மட்டம் உயர்ந்தும் நிலத்தடி நீர் அளவுமீறி இறைக்கப்பட்டும் கிணறுகள் உவர்ப்படைந்துவரும் குடாநாட்டில் இக்கண்டுபிடிப்பின் பொருள் பாரதூரமானது. உள்ளூர்ச் சூழலை உள்ளூரிலே இருந்து ஆராயும் பல்கலைக்கழகத்தின் தேவையை இதனிலும் நன்கு உணர்த்தும் சான்று வேறில்லை. ஆனால் இவ்வாய்வின் செய்தி ஆங்கில ஆய்விதழிலிருந்து குருநகரின் கடற்றொழிலாளி வீட்டுக்கு வருவதற்கு, முன்னர் நாம் கூறிய அதே பாலம் வேண்டியிருக்கிறது.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், தமது வளவில் நுளம்பு பெருக இடமளிப்போரைத் தண்டிக்க வழிசெய்கிறது. சட்டம் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. ஆயின் நடைமுறையில் அது எளிதாகச் சென்றடைவது முற்றத்திற் சிரட்டையை விட்டுவைத்த குடும்பத்தையே. நீர் வடியாத பொது வாய்க்காலுக்கும், அள்ளப்படாத குப்பைக்கும், உரிமையாளர் புலம்பெயர்ந்தமையாற் பூட்டிக்கிடக்கும் வளவுக்கும், ஒருமுறை பாவித்து எறியும் கோப்பையை உற்பத்திசெய்து இலாபமீட்டும் நிறுவனத்துக்கும் பொறுப்புக் கூறுவோர் அரியர். சமூக உற்பத்தியின் கேடு தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடாக மாற்றப்படும் இப்போக்கை முற்போக்காளர் இனங்காண வேண்டும்.

7

இதுகாறும் கூறியவற்றால், டெங்கின் சிகிச்சை மருத்துவமனைக்குள் அடங்கிவிடுவதன்று என்பது பெறப்படும். அதன் முதற்பகுதி வீட்டிலே, தாயின் மொழியில் நடைபெறுகிறது. நடுப்பகுதி தாதியின் இரவுநேர உழைப்பிலே தங்கியுள்ளது. நோய் வருவதும் வராததும் நீரும் கழிவும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.

இவற்றுள் இறுதியிற் கூறியது அரசியற் பணி, நீண்டகாலம் பிடிப்பது. விடுதிகளில் வேண்டியளவு தாதியரை அமர்த்துதல் அரசின் உடனடிக் கடமை. முதலிற் கூறியது மொழிப்பணியாதலின் நம்போன்றோரிடமிருந்தும் உழைப்பை வேண்டுவது. கிறீனின் காலத்தில் ஒரு மருத்துவரும் சில மாணாக்கரும் செய்த வேலையை, மருத்துவபீடமும் தமிழ்த்துறையும் சித்த மருத்துவப் பிரிவும் அருகருகே இயங்கும் இக்காலத்தில் ஏன் தொடரலாகாது? மருத்துவ மாணவரும் மொழி மாணவரும் சேர்ந்து மாரி தொடங்குமுன் கிராமங்களுக்குச் சென்று, மக்கள் நோயை எச்சொற்களாற் கூறுகின்றனர் எனக் கேட்டறிந்து, அச்சொற்களிலேயே அறிவுரையை எழுதுவார்களாயின் அது எந்த ஆய்வரங்குக்கும் குறைந்த பணியாகாது.

அப்பணியின் பயனை அளக்கவும் எளிய வழி உண்டு. நோயாளியைப் பார்க்க வருபவர் "காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்று கேட்டு ஆறுதலடைந்து எழுந்து செல்லாமல், "விட்டு எத்தனை மணித்தியாலம்? சலம் போகுதோ? கைகால் சூடாயிருக்கோ?" என்றும் கேட்கத் தொடங்கும் நாளில், மருத்துவமனையில் இருக்கும் அறிவு மக்களின் அறிவாகிவிட்டது என்று நாம் கொள்ளலாம்.